சிசர் லிஃப்டில் நிற்பவர் பெல்ட் கொக்கியை எங்கே மாட்ட வேண்டும்?

தீத்தடுப்புக்குழாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரகடம் பக்கம் கட்டப்பட்டுவரும் ஒரு பெரிய கிடங்கின் கூரைக்கு அடியில், தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாய்களைத் தொங்கவிடும் வேலையை எங்கள் குழு செய்துகொண்டிருக்கிறது. பக்கச் சுவர் ஓரத்தில் தரையிலிருந்து, கூரைத் தகடுகளைத் தாங்கும் பர்லின் என்ற உத்தரம்வரை 11 மீட்டர் உயரம். நடுவில், கூரையின் முகட்டுக்கு அடியில், 12.8 மீட்டர். உள்வேலைக்கு, ஆள் நிற்கும் தட்டைக் கத்தரிபோல் மடங்கி விரியும் கால்களால் மேலே தூக்கும் பேட்டரி சிசர் லிஃப்ட் இரண்டையும், வெளிச்சுவரை ஒட்டிச் செல்லும் குழாய்க்காக, நீண்ட கையின் நுனியில் ஆள் நிற்கும் கூடை உள்ள டீசல் பூம் லிஃப்ட் ஒன்றையும் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நான் மேற்பார்வையாளன், ஆபரேட்டர் அல்லன்.

உடலில் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டின் கயிற்று நுனியிலுள்ள கொக்கியை எங்கே மாட்டுவது என்பதில் எங்கள் தளத்தில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். கட்டுமானத்தை நடத்தும் நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலர், தலைக்கு மேலே உள்ள பர்லினில்தான் மாட்ட வேண்டும் என்று அனுமதிச் சீட்டிலேயே எழுதிவிட்டார். வண்டியோடு வந்த ஆபரேட்டர், தட்டிலுள்ள வளையத்தைத் தவிர வேறெங்கும் மாட்டக்கூடாது என்கிறார். இருபது ஆண்டுகளாக இந்த வேலை செய்யும் எங்கள் மூத்த ஃபிட்டரோ, நாற்புறமும் கம்பி இருக்கும்போது சிசர் லிஃப்டில் கொக்கியே தேவையில்லை என்கிறார்.

நேற்று நடந்ததைச் சொன்னால்தான் என் கவலை புரியும். ஒருவர் கொக்கியைப் பர்லினில் மாட்டிக்கொண்டு குழாயைப் பிடித்திருந்தார். பக்கத்தில் நின்றவர், கீழே வைத்திருந்த எல்போவை, அதாவது குழாயை வளைத்து இணைக்கும் துண்டை, எடுப்பதற்காகத் தட்டை இறக்கினார். கயிறு விறைத்து, மாட்டியிருந்தவருடைய குதிகால்கள் தளத்தைவிட்டு எழும்பி, அவர் விரல் நுனியில் நின்று கத்திய பிறகே, தட்டை இயக்கும் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கை எடுக்கப்பட்டது. காயம் எதுவும் இல்லை. ஆனால் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதன்பிறகு அந்த அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

துறைமுகத்தான் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்விக்கு நேற்று உங்கள் கண்முன்னேயே விடை கிடைத்துவிட்டது. கட்டடம் அசையாது, தட்டு அசையும். அசையும் ஒன்றில் நின்றுகொண்டு அசையாத ஒன்றில் தன்னைக் கட்டிக்கொண்டவர், தட்டு இறங்கினால் கயிற்றில் தொங்குவார், வண்டி நகர்ந்தால் கம்பிக்கு மேலாக வெளியே இழுக்கப்படுவார். ஜாய்ஸ்டிக்கைத் தொட்டவர் மறதியாகத் தொட்டாரா, கீழே போன ஃபோர்க்லிஃப்ட் வண்டியை இடித்ததா என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுதான். ஆகவே பர்லினில் மாட்டுவதை இன்றே நிறுத்துங்கள்.

நான் 9 ஆண்டுகள் சிங்கப்பூரில் கப்பல் பட்டறைகளில் பூம் லிஃப்ட் ஓட்டியவன். சிசரையும் பூமையும் ஒரே கண்ணால் பார்ப்பதிலிருந்துதான் உங்கள் தளத்தின் குழப்பம் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். சிசர் லிஃப்டின் தட்டு சக்கரங்களுக்கு நேர் மேலே செங்குத்தாக ஏறி இறங்குகிறது. பூம் லிஃப்டின் கூடையோ நீண்ட கையின் நுனியில், சக்கரங்களுக்கு வெகுதூரம் வெளியே நிற்கிறது. மீன் தூண்டிலின் பிடியைச் சற்றே அசைத்தால் நுனி எவ்வளவு துள்ளுகிறதோ அவ்வளவு கூடையும் துள்ளும். ஒருமுறை பட்டறைத் தரையில் கிடந்த மரக்கட்டை என் கண்ணுக்குப் படவில்லை. முன்சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கியது. அந்தக் கட்டை நான்கு விரல் உயரம்கூட இராது. 15 மீட்டர் உயரத்தில் கூடைக்குள் நின்றிருந்த என் இரண்டு கால்களும் தளத்தைவிட்டு எழும்பின. இடுப்பு மேல்கம்பியில் மோதியது. கூடைக்குள் மாட்டியிருந்த குட்டைக் கயிறு என்னை இழுத்து உள்ளேயே உட்கார வைத்தது. பூம் லிஃப்டில் பெல்ட் கட்டாயம் என்று சொல்வது இதற்காகத்தான். கயிறு குட்டையாக இருக்க வேண்டும், கூடைக்குள் அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்ட வேண்டும், வண்டியின் கை அசைவதற்கு முன்பே மாட்டி, கூடை தரைக்கு வந்த பிறகே கழற்ற வேண்டும்.

சிசரில் இந்தத் துள்ளல் மிகக் குறைவு. அங்கே கம்பிதான் முதல் பாதுகாப்பு. உங்கள் மூத்த ஃபிட்டர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தளத்தின் விதி பெல்ட் வேண்டும் என்றால், தட்டின் வளையத்தில் குட்டைக் கயிற்றோடு மாட்டிக்கொள்ளட்டும்.

பச்சைத்தொப்பி எழுதியது:

வணக்கம் ஐயா. நானும் வேறொரு தளத்தில் பாதுகாப்பு அலுவலராக இருப்பவன்தான். பர்லினில் மாட்டச் சொன்ன என் சக அலுவலரை முழுவதும் குறை சொல்லிவிட முடியாது என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். உயரத்தில் வேலை செய்பவர் கொக்கியைத் தலைக்கு மேலே, தன் எடையைப் போலப் பல மடங்கு தாங்கும் உறுதியான ஒன்றில் மாட்ட வேண்டும் என்பது பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம். சாரத்தில் அது சரி, கூரையின்மேல் அது சரி. ஒரே தளத்தில் வேலைக்கு வேலை வேறு விதி சொன்னால் தொழிலாளர்கள் எதையும் பின்பற்றமாட்டார்கள் என்ற அச்சமும் எங்களுக்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்கிறேன். கம்பி இருக்கிறது, அது போதும் என்கிறீர்கள். நான் பார்த்த தளங்களில் கை எட்டாதபோது நடுக்கம்பியின்மேல் கால் வைத்து ஏறாத ஃபிட்டரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படி ஏறியவருக்கு மேல்கம்பி முழங்கால் உயரத்தில் இருக்கும். அது அவரை எந்த வகையிலும் தடுக்காது. அந்த நிலையில் தலைக்கு மேலே ஒரு கொக்கி இருந்தால் உயிராவது மிஞ்சும் என்றுதான் நாங்கள் அவ்வாறு எழுதுகிறோம்.

தேம்ஸ்கரை எழுதியது:

பச்சைத்தொப்பி நேர்மையாக எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்கு உரிய மறுமொழியைத் தர முயல்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இலண்டனில் கட்டடப் பராமரிப்புத் துறையில் இருப்பவன்.

பெல்ட் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, விழுந்தவரைப் பாதி வழியில் பிடித்து நிறுத்துவது. மற்றது, விளிம்புக்கே போகவிடாமல் தடுத்து நிறுத்துவது. சாரத்திலும் கூரையிலும் நீங்கள் கற்பிப்பது பெரும்பாலும் முதலாவது. பூமிலும் சிசரிலும் வேண்டுவது இரண்டாவது. முதலாவதற்குக் கொக்கி தலைக்கு மேலே இருப்பது நல்லது. இரண்டாவதற்குக் கொக்கி காலருகே, கூடைக்குள்ளேயே இருந்தாலும் போதும், கயிறு குட்டையாக இருந்தால் சரி. ஒரே பெல்ட், ஒரே கயிறு, ஆனால் நோக்கம் வேறு. இதைத் தொழிலாளருக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். வேலைக்கு வேலை விதி மாறுகிறது என்ற குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி, பூம் வகை இயந்திரங்களில் நிற்பவர் கொக்கியை இயந்திரத்தின் நீண்ட கையிலோ கூடையிலோதான் மாட்ட வேண்டும் என்றும், பக்கத்திலுள்ள கம்பத்திலோ கட்டடத்திலோ வேறு கருவியிலோ மாட்டுவதை அனுமதிக்கக்கூடாது என்றும் வெளிப்படையாகவே சொல்கிறது. சிசர் லிஃப்டை அதே அமைப்பு நகரும் சாரமாகக் கருதுகிறது. கம்பி ஒழுங்காக இருந்தால் அதுவே போதும் என்பது அதன் நிலை. இந்தியாவில் அந்த விதி உங்களைக் கட்டுப்படுத்தாது என்பது தெரியும். ஆனால் இயந்திரத்தின் இயல்பு நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. உங்கள் வண்டியின் கையேட்டிலும் ஏறக்குறைய இதே வரி இருக்கும்.

விழுந்தவரைப் பிடித்து நிறுத்தும் நீண்ட கயிற்றைச் சிசர் தட்டின் வளையத்தில் மாட்டுவதும் எனக்கு அச்சமாகவே இருக்கிறது. அதிர்ச்சி தாங்கும் பொதி உள்ள கயிறு, விழுந்தவரை நிறுத்தும்போது வரும் விசையை 6 கிலோநியூட்டனுக்குள் அடக்க வேண்டும் என்பது ஐரோப்பிய அளவு. உங்கள் சிசரில் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைப் பார்த்தால், உள்வேலையில் இரண்டு பேர் நிற்கும்போது பக்கவாட்டில் 400 நியூட்டனுக்கு மேல் தள்ளவோ இழுக்கவோ கூடாது என்று இருக்கும். ஏறக்குறைய 40 கிலோ எடையின் விசை. ஒரு கணம் வந்து போகும் விசையையும் நின்று தள்ளும் விசையையும் அப்படியே ஒப்பிட்டுவிட முடியாதுதான். ஆயினும் பதினைந்து மடங்கு வேறுபாடு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, உயர்ந்து நிற்கும் வண்டியின் விளிம்புக்கு வெளியே ஒருவர் தொங்குவதைக் கற்பனை செய்து பாருங்கள். விழவே விடாத குட்டைக் கயிறு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். வளையம் எதற்காகத் தரப்பட்டது, எத்தனை பேர் மாட்டலாம் என்பதும் அதன் அருகிலேயே ஒட்டப்பட்டிருக்கும்.

நடுக்கம்பியில் ஏறுபவருக்கு என்ன செய்வது என்று கேட்டீர்கள். அவர் ஏன் ஏறுகிறார் என்று முதலில் கேட்போமா?

தீத்தடுப்புக்குழாய் எழுதியது:

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது, ஐயா. இன்று காலை வண்டியின் தகட்டைப் படித்தேன். தட்டின் தளம் ஏறும் உயரம் 9.75 மீட்டர். விலைப்பட்டியலில் 11.75 மீட்டர் என்று கண்டு, 11 மீட்டர் கூரைக்குத் தாராளம் என்று நினைத்து நான்தான் எடுத்தேன். அந்த 11.75 என்பது தளத்தின் உயரத்தோடு ஒரு ஆள் கையுயர்த்தி எட்டும் 2 மீட்டரைக் கூட்டிச் சொல்வது என்று இப்போதுதான் தெரிந்தது. சுவர் ஓரத்தில் அது போதும். முகட்டுக்கு அடியில் ஒரு மீட்டருக்கு மேல் குறைகிறது. ஆட்களைக் கேட்டேன், நடு வரிசைக் குழாய்க்கு எல்லோரும் நடுக்கம்பியில் ஏறித்தான் போல்ட் முறுக்கியிருக்கிறார்கள்.

பச்சைத்தொப்பி எழுதியது:

அப்படியானால் பர்லினில் மாட்டிய கொக்கி, குட்டையான வண்டி ஒன்றை எடுத்த குறையை மூடி மறைக்கும் வேலையைத்தான் செய்திருக்கிறது. நானும் இதே கணக்கில் பல அனுமதிச் சீட்டுகளில் கையெழுத்திட்டிருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இனி வண்டியின் தள உயரத்தைச் சீட்டிலேயே எழுதச் சொல்லப் போகிறேன். முகட்டு வேலைக்கு உயரமான வண்டி வரும்வரை அந்த வரிசையை நிறுத்திவையுங்கள், தம்பி. தட்டுக்குள் ஸ்டூல் போடுவது, பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் நிற்பது, கம்பிகளுக்குக் குறுக்கே பலகை வைப்பது எல்லாம் நடுக்கம்பியில் ஏறுவதற்குச் சமம்தான்; ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க்கை எழுதியது:

வாடகை வண்டிகளைப் பழுதுபார்க்கும் யார்டில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மேலே எல்லோரும் கொக்கியைப் பற்றிப் பேசுகிறீர்கள், சரிதான். ஆனால் வண்டியே சாய்ந்தால் கொக்கி எங்கே மாட்டியிருந்தாலும் ஒன்றுதான் என்பதால் தரையைப் பற்றி எழுதுகிறேன்.

உங்கள் வகைச் சிசரின் எடை ஏறக்குறைய 2,800 கிலோ. அந்த எடை நான்கு கெட்டி ரப்பர் சக்கரங்களின் வழியே, ஒவ்வொன்றும் உள்ளங்கையளவு இடத்தில், தரையில் இறங்குகிறது. தட்டில் இருவர் ஒரு ஓரமாகச் சாய்ந்து நின்றால் ஒரு பக்கத்துச் சக்கரங்கள்மேல் பாரம் இன்னும் கூடும். காங்கிரீட் தரைக்கு இது பெரிதில்லை. ஆனால் புதிய கிடங்குகளில் கேபிள் செல்லும் கால்வாயை மூட மெல்லிய தகடோ ஒட்டுப்பலகையோ போட்டிருப்பார்கள். மனிதன் நடந்தால் தாங்கும். வண்டிச் சக்கரம் ஏறினால் உள்ளே போய்விடும். காலையில் வேலை தொடங்குவதற்கு முன் வண்டி போகப்போகும் வழி முழுவதையும் ஒருவர் நடந்து பார்த்து, மூடிகளைச் சுண்ணாம்பில் வட்டமிட்டுவிட வேண்டும். தட்டு ஏறியதும் வண்டியின் அடியில் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டைகள் இறங்கித் தரையை ஒட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் குழியில் இறங்கினால் வண்டி கவிழாமல் தாங்குவது அவைதான். வெட்டிப்போட்ட குழாய்த் துண்டு ஒன்று அடியில் சிக்கினால் அவை முழுமையாக இறங்காது; வண்டியும் நகர மறுக்கும். நகரவில்லை என்று யார்டுக்கு ஃபோன் செய்பவர்களில் பாதிப் பேரிடம் நான் முதலில் கேட்பது, அடியில் ஏதாவது கிடக்கிறதா பாருங்கள் என்பதுதான்.

சாய்வு அலாரம் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வகை வண்டி பக்கவாட்டில் 1.5 டிகிரி, முன்பின்னாக 3 டிகிரி சாய்ந்தாலே கத்தும், ஏற மறுக்கும். இவ்வளவு சிறு சாய்வு கண்ணுக்கே தெரியாது என்பதால் ஆட்கள் அலாரத்தைத்தான் சந்தேகிக்கிறார்கள். சக்கரங்களுக்கிடையே ஒரு மீட்டர் சொச்சம் அகலம், மேலே 10 மீட்டர் உயரம் என்று நினைத்துப் பார்த்தால், கீழே ஒரு விரல் தாழ்ந்தால் மேலே எவ்வளவு தள்ளிப்போகும் என்பது விளங்கும். ஒருமுறை யார்டுக்குத் திரும்பி வந்த வண்டியின் அடிப்பெட்டியைத் திறந்தபோது, சாய்வு உணரியை அதன் திருகிலிருந்து கழற்றி, மட்டமாக நிற்கும்படி ஒரு மரத்துண்டின்மேல் வைத்து, கேபிள் டையால் கட்டியிருந்தார்கள். வண்டி எந்தச் சரிவில் நின்றாலும் உணரிக்கு எல்லாம் சமதளம்தான். அந்தத் தட்டில் எத்தனை நாள் எத்தனை பேர் ஏறினார்கள் என்று நினைத்து அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அலாரம் கத்தினால் தட்டை இறக்கி வேறு இடத்துக்கு நகருங்கள், அல்லது எங்களைக் கூப்பிடுங்கள். பெட்டியைத் திறக்காதீர்கள்.

பாரத்தையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் வண்டிக்கு 318 கிலோ என்று தகடு சொல்லும். இரண்டு ஃபிட்டர்கள் கருவிப் பையோடு 180 கிலோ. மிச்சம் 138 கிலோவுக்குள்தான் குழாய், கிளாம்ப், டிரில் எல்லாம் அடங்க வேண்டும். தட்டின் நீட்டுப் பலகையை வெளியே இழுத்தால் அதன்மேல் வைக்கக்கூடிய பாரம் இன்னும் குறைவு; அதற்குத் தனி எண் இருக்கும். குழாயைக் கம்பியின்மேல் குறுக்காகக் கிடத்தி ஏற்றுவது உங்கள் தொழிலில் வழக்கம் என்று தெரியும். தயவுசெய்து கையேடு அனுமதிக்கும் தாங்கியில்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

புதுஇயக்குநர் எழுதியது:

ஐயா, நான் பயிற்சி முடித்து மூன்று மாதமாகச் சிசர் ஓட்டுகிறேன். கிடங்குக்குள் காற்று ஒரு பொருட்டா? எங்கள் தளத்தில் லாரி நுழையும் பெரிய கதவுகள் இரண்டும் எதிரெதிரே திறந்தே இருக்கின்றன. பிற்பகலில் நன்றாகவே வீசுகிறது.

துறைமுகத்தான் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. உள்வேலைக்கு இருவர், வெளிவேலைக்கு ஒருவர் என்று உங்கள் வண்டித் தகட்டில் இருந்தால், அந்த இருவர் கணக்கு காற்றே இல்லாத இடத்துக்கானது. காற்றின் வேகம் பூச்சியம் என்றே அதில் எழுதியிருக்கும். வெளிவேலைக்கு வழக்கமாகத் தரப்படும் எல்லை நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். எதிரெதிர்க் கதவு திறந்த கிடங்கை நான் உள்வேலை என்று எடுத்துக்கொள்ளமாட்டேன். ஒரு கதவையாவது மூடச் சொல்லுங்கள். முடியாது என்றால் ஒருவராக ஏறுங்கள்.

காற்றில் ஆபத்து கையில் இருக்கும் பொருளைப் பொறுத்தது. 8க்கு 4 அடித் தகடு ஒன்றின் பரப்பு ஏறக்குறைய 3 சதுர மீட்டர். நொடிக்கு 12.5 மீட்டர் காற்று அதன்மேல் நேராக மோதினால் ஏறக்குறைய 290 நியூட்டன் விசை வரும். வெளிவேலையில் அந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட பக்க விசை 200 நியூட்டன்தான். வண்டி எல்லைக்குள் இருக்கிறது, தகட்டைப் பிடித்த ஆள் எல்லையைத் தாண்டிவிட்டார். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள். பேனர் கட்டுவது, கம்பிகளைச் சுற்றித் தார்ப்பாய் மறைப்பது இவையும் அப்படித்தான்.

2010 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியைச் சிசர் லிஃப்டின் மேலிருந்து படம்பிடித்துக்கொண்டிருந்த இருபது வயது மாணவர், மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றில் வண்டி கவிழ்ந்து உயிரிழந்தார். அவர் கம்பிக்குள்தான் நின்றிருந்தார். கம்பியோ பெல்ட்டோ வண்டி கவிழும்போது காப்பாற்றாது. காற்றை அளக்கும் சிறு கருவி ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதைத் தட்டின் உயரத்தில் பிடித்து அளக்க வேண்டும், தரையில் அன்று.

தீத்தடுப்புக்குழாய்க்கு ஒரு சொல். வெளிச்சுவர் வேலை என்று எழுதியிருந்தீர்கள். அங்கே மின்கம்பி ஏதாவது போகிறதா?

தீத்தடுப்புக்குழாய் எழுதியது:

போகிறது ஐயா. சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி 11 கேவி, அதாவது 11,000 வோல்ட், லைன். பூம் லிஃப்டைச் சுவருக்கும் லைனுக்கும் நடுவில் நிறுத்தத் திட்டமிட்டிருந்தோம்.

துறைமுகத்தான் எழுதியது:

அந்தத் திட்டத்தைக் கைவிடுங்கள். 50 கேவி வரையுள்ள மின்கம்பிக்கு 3.05 மீட்டருக்கு, அதாவது 10 அடிக்கு, நெருங்கக்கூடாது என்று பூம் லிஃப்ட் கையேடுகளில் அட்டவணை இருக்கிறது. கூடையின் ஆட்டத்தையும், காற்றில் கம்பி ஆடுவதையும், உங்கள் ஆள் கையில் பிடித்திருக்கும் 6 மீட்டர் குழாயையும் அதற்கு மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்களுக்கு இருக்கும் ஏழெட்டு மீட்டரில் வண்டியின் பின்புறம் சுழலும் இடமும் போனால் எதுவும் மிஞ்சாது. ரப்பர் சக்கரம் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த வண்டிகள் மின்காப்பு செய்யப்பட்டவை அல்ல. கம்பியைத் தொட்ட வண்டியைத் தரையில் நின்று தொடுபவர்தான் முதலில் சாவார். மின்வாரியத்திடம் எழுதிக் கொடுத்து அந்த நேரத்துக்கு லைனை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தியதை எழுத்தில் பெற்ற பிறகு வேலை செய்யுங்கள்.

பூமை ஓட்டும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. வண்டியின் நீண்ட கையைப் பின்பக்கமாகச் சுழற்றிவிட்டால், கூடையில் நிற்பவருக்கு முன்னும் பின்னும் இடமும் வலமும் தலைகீழாகிவிடும். வண்டியின் அடியில் வண்ண அம்புக்குறிகள் வரைந்திருப்பார்கள். ஜாய்ஸ்டிக்கைத் தொடும் முன் குனிந்து அந்த அம்பைப் பார்க்கும் பழக்கம் ஆபரேட்டருக்கு இருக்கிறதா என்று கவனியுங்கள். எனக்கு ஒருவருடைய அனுபவத்தை அளக்க அந்த ஒரு பார்வையே போதும்.

தேம்ஸ்கரை எழுதியது:

இதுவரை யாரும் எழுதாத ஒன்று மிச்சமிருக்கிறது. கூரைக்கு அடியில் குழாய் மாட்டுபவர்களுக்கு அது மிகவும் அருகில் இருப்பது. தட்டில் நிற்பவர் மேல்கம்பிக்கும் தலைக்கு மேலுள்ள உத்தரத்துக்கும் இடையே நசுங்குவது.

அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஆபரேட்டர் குழாயைப் பார்த்துக்கொண்டே தட்டை ஏற்றுகிறார், அல்லது பின்னால் பாராமல் வண்டியைப் பின்னோக்கி நகர்த்துகிறார். உத்தரம் முதுகில் படுகிறது. உடம்பு முன்னால் வளைந்து கட்டுப்பாட்டுப் பெட்டியின்மேல் சாய்கிறது. நெஞ்சின் பாரம் ஜாய்ஸ்டிக்கை இன்னும் அழுத்துகிறது. வண்டி இன்னும் ஏறுகிறது. கத்த மூச்சு இராது. பூம் லிஃப்டில் காலால் அழுத்தும் பெடல் இதற்காகத்தான் இருக்கிறது என்றாலும், சிக்கியவரின் கால் சில வேளை அதன்மேலேயே விறைத்துவிடுகிறது. இப்போது பல பூம் லிஃப்டுகளில் பெட்டிக்கு மேலே ஓர் அழுத்தப் பட்டை வைத்து, நெஞ்சு அதன்மேல் சாய்ந்தவுடன் இயக்கத்தை நிறுத்தும் ஏற்பாடு வருகிறது. வாடகைக்கு எடுக்கும்போது அது இருக்கிறதா என்று கேளுங்கள். பெடலின்மேல் செங்கல்லை வைத்து ஓட்டுபவரைக் கண்டால், அந்த நொடியே அவரை வண்டியிலிருந்து இறக்குங்கள்.

சிசரில் உத்தரங்களுக்கு இடையே ஏறும்போது ஆமை வேகத்துக்கு மாற்றும் பொத்தான் இருக்கும்; அதை அழுத்தியே ஏறுங்கள். குழாயைப் பிடிப்பவர் ஒருவர், வண்டியை ஓட்டுபவர் ஒருவர், இருவரும் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யக்கூடாது. வேலை தொடங்கியவுடன், இயக்கத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு வேலை செய்யட்டும். நேற்று அந்த ஒன்று நடந்திருந்தால் எல்போ எடுக்கத் தட்டு இறங்கியிருக்காது.

எண்ணெய்க்கை எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சிக்கியவரை இறக்கப்போவது கீழே நிற்பவர். உங்கள் தளத்தில் ஆபரேட்டரைத் தவிர யாருக்குத் தட்டைத் தரையிலிருந்து இறக்கத் தெரியும், தம்பி? சிசரின் அடியில் அவசரத்துக்கு இறக்கும் குமிழ் ஒன்று இருக்கிறது. பேட்டரி முழுவதும் தீர்ந்தாலும் அதை இழுத்தால் எண்ணெய் மெதுவாகத் திரும்பி, தட்டு தன் எடையிலேயே இறங்கும். பூமில் தரைக் கட்டுப்பாட்டுப் பெட்டியும், எஞ்சின் நின்றால் ஓட்டும் துணைப் பம்பும் இருக்கும். பெல்டில் தொங்குபவர் நினைவோடு இருந்தாலும் தொடைப் பட்டை இரத்த ஓட்டத்தை அமுக்குவதால் சில நிமிடங்களிலேயே நிலைமை மோசமாகத் தொடங்கும். தீயணைப்பு நிலையத்திலிருந்து வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது. நாளைக் காலை ஒத்திகை பாருங்கள். தட்டில் ஆள் வேண்டாம்; மூன்று மீட்டர் ஏற்றி, சாவியை எடுத்துவிட்டு, உங்கள் ஹெல்பர்களில் ஒருவரை இறக்கச் சொல்லுங்கள்.

தீத்தடுப்புக்குழாய் எழுதியது:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க. பர்லின் என்ற சொல்லை அனுமதிச் சீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்த இழையை அச்செடுத்துப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் படித்தார், கையேட்டையும் வாங்கிப் பார்த்தார். சிசரில் குட்டைக் கயிறு, தட்டின் வளையம், பூமிலும் அப்படியே. முகட்டு வரிசைக்கு 12 மீட்டர் தளம் ஏறும் வண்டி வருகிற திங்கட்கிழமை வருகிறது. மின்வாரியத்துக்குக் கடிதம் போயிருக்கிறது; அதுவரை வெளிச்சுவர் வேலை நிற்கிறது. வேலை நிற்பதால் ஆகும் செலவைக் குறித்து என் முதலாளியுடன் நேற்று இரவு நீண்ட வாக்குவாதம் நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒத்திகை பார்த்தோம். வண்டியை வழக்கமாக வேலை செய்யும் இடத்திலேயே, இரண்டாம் வரிசை ரேக்குகளுக்கு நடுவில் நிறுத்தி, மூன்று மீட்டர் ஏற்றிச் சாவியை எடுத்தோம். முதலில் முயன்ற பையனுக்குக் குமிழ் எங்கே என்று தெரியவில்லை. படம் பார்த்துப் பின்பக்கம் என்று கண்டுபிடித்தான். ஆனால் வண்டியின் பின்பக்கத்துக்கும் ரேக்கின் தூணுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. அவன் தோள்வரை கையை நுழைத்தும் எட்டவில்லை. கடைசியில் குச்சி ஒன்றின் நுனியில் கொக்கி வளைத்துக் குமிழை இழுத்துத் தட்டை இறக்க 11 நிமிடம் ஆனது.

எண்ணெய்க்கை எழுதியது:

வண்டியை எப்போதும் பின்பக்கம் நடைபாதையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். உள்ளே திருப்ப இடமில்லையென்றால் வெளியிலேயே திருப்பி உள்ளே கொண்டுபோகட்டும், ஒருவர் முன்னால் நடந்து வழிகாட்டட்டும். நாளை மறுபடியும் பார்த்து, எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள்.

தீத்தடுப்புக்குழாய் எழுதியது:

திருப்பி நிறுத்திப் பார்த்தோம். அதே பையன். 40 நொடி.